‘பை = 22/7’ என்று எழுதப் பழக்கிவிட்டு ‘பை விகிதமுறா எண்’ என்று மனப்பாடம் செய்யவைக்கும் கல்வி

“பின்வருவனவற்றுள் விகிதமுறா எண் எது? அ) √4 ஆ) 22/7 இ) 3.14 ஈ) பை.”

இவ்வினாவோ இதன் உடன்பிறப்பு ஒன்றோ இடம்பெறாத உயர்நிலை வகுப்புக் கணித வினாத்தாளை இந்தியாவில் காண்பது அரிது. ‘அடித்தளப் பயிற்சி’ என்ற பெயரில் இயங்கும் தனிப்பயிற்சி நிலையங்களின் கைங்கரியத்தால் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் இது எட்டிவிட்டது. விடை ‘ஈ’. மதிப்பெண் ஒன்று. அந்த மதிப்பெண்ணைப் பெறும் மாணவி, முந்தைய ஆண்டு முழுவதும் வட்டக் கணக்குகளின் முதல் வரியில் ‘பை = 22/7’ என்று எழுதியவள். அப்படி எழுதாவிட்டால் அவளுக்கு மதிப்பெண் குறைந்திருக்கும். இந்த ஆண்டோ 22/7 ஒரு வகை, பை வேறொரு வகை என்று அவளிடம் சொல்லப்படுகிறது. சென்ற ஆண்டின் சமக்குறி என்னவாயிற்று என்று அவள் கேட்பதில்லை. கேட்காமலிருக்க அவளைப் பழக்கியதே இக்கல்வியின் பெருஞ்சாதனை.

விகிதமுறு, விகிதமுறா எண்களின் பாடம் இந்தியப் பள்ளிகளில் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிட்டது. எண்ணைக் காட்டினால் எந்தப் பெட்டியில் போடுவது என்று சொல்லத் தெரிந்தால் போதும். ஏன் அந்தப் பெட்டி என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் வாழ்வில் முதன்முறையாக ‘எத்தனை முயன்றாலும் இயலாது’ என்ற முடிவை, எவர் சொல்லையும் நம்பாமல், தானே காரணம் காட்டி நிறுவக்கூடிய இடம் இது. அந்த இடத்திலேயே ‘புத்தகம் சொல்கிறது, எழுதிக்கொள்’ என்று கட்டளையிடுவது, கணிதத்தின் பெயரால் கணிதத்துக்கு எதிரான பயிற்சியைத் தருவதாகும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஆங்கில வழியில் பயிலும் பிள்ளை ‘ரேஷனல்’, ‘இர்ரேஷனல்’ என்ற சொற்களைக் கேட்கிறது. அகராதியில் அவற்றுக்குப் பகுத்தறிவுள்ளது, பகுத்தறிவற்றது என்ற பொருளே முதலில் நிற்கும். உள்ளே ‘ரேஷியோ’, அதாவது விகிதம், ஒளிந்திருப்பதை ஆசிரியர் எடுத்துச் சொன்னாலன்றி அப்பிள்ளை அறியாது. தமிழில் ‘விகிதமுறு எண்’ என்ற சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது: இரு முழு எண்களின் விகிதமாக அமைவது. இந்தியில் ‘பரிமேய’, ‘அபரிமேய’ என்பார்கள். அளவிடத்தக்கது, அளவிட இயலாதது. இரண்டும் ஆங்கிலச் சொல்லைவிடக் கருத்துக்கு நெருக்கமானவை. தாய்மொழியில் படிப்பது கணிதத்துக்குத் தடை என்று வாதிடுவோர் இந்த ஒரு சோடிச் சொற்களையேனும் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும், பொருள் விளங்கும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதனையும் வெறும் முத்திரையாக மாற்றிவிடும் வல்லமை நம் தேர்வு முறைக்கு உண்டு.

அடுத்தது தசம விரிவு. ‘தசமம் முடிந்தாலோ சுழன்றாலோ விகிதமுறு எண், முடியாமலும் சுழலாமலும் சென்றால் விகிதமுறா எண்’ என்பது பிள்ளைகள் ஒப்பிக்கும் சூத்திரம். சூத்திரத்தில் பிழையில்லை. அதனைக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் அடையாளமாகக் கற்பிப்பதில்தான் பிழை இருக்கிறது. 1/17 என்பதைச் சிறு கணிப்பானில் இட்டால் 0.0588235 என்று திரை காட்டும். எங்கே சுழற்சி? பதினாறு இலக்கங்கள் கடந்த பிறகே அது திரும்பத் தொடங்கும்: 0588235294117647. திரையில் அவ்வளவு இடமில்லை. திரையை நம்பும் பிள்ளை 1/17ஐ விகிதமுறா எண் என்று எழுதினால் குற்றம் யாருடையது? மறுபுறம் 0.1010010001... என்ற எண்ணில் ஒழுங்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒன்றுகளுக்கு இடையே பூச்சியங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் ஒரே இலக்கக் கூட்டம் திரும்பத் திரும்ப வருவதில்லை. ஆகவே அது விகிதமுறா எண். ‘ஒழுங்கு தெரிந்தால் விகிதமுறு’ என்று குறுக்குவழி கற்ற பிள்ளை இங்கும் தவறும். எந்தத் திரையும் எத்தனை இலக்கங்களைக் காட்டினாலும், அதனைக் கொண்டு மட்டும் ஓர் எண் எவ்வகை என்று முடிவு செய்ய இயலாது. இச்செய்தி வகுப்பறையில் சொல்லப்படுவது மிகக் குறைவு.

இத்தனைக்கும் உண்மையான காரணம் ஐந்தாம் வகுப்பு வகுத்தலிலேயே இருக்கிறது. 1ஐ 7ஆல் வகுக்கும்போது வரும் மீதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்: 3, 2, 6, 4, 5, பிறகு 1. ஏழால் வகுத்தால் பூச்சியம் நீங்கலாக ஆறு மீதிகளே இருக்க முடியும். ஆறும் தீர்ந்தபின் பழைய மீதி ஒன்று வந்தே தீரும். மீதி திரும்பினால் அதன்பின் வரும் ஈவுகளும் திரும்பும். 142857 மீண்டும் மீண்டும் வருவதன் இரகசியம் இவ்வளவே. இதனைப் புரிந்துகொண்ட பிள்ளை 1/17ஐக் கணிப்பானில் பார்க்க வேண்டியதில்லை. ‘பதினேழால் வகுக்கும்போது பதினாறு மீதிகளே உண்டு, ஆகவே பதினாறு அடிகளுக்குள் சுழன்றே ஆகவேண்டும்’ என்று காணாமலே சொல்லும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காரணத்தால் அறிவது என்பது இதுதான். என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு நூல் நெடுங்காலமாக இந்த மீதிகளைச் சுட்டிக்காட்டியே வந்திருக்கிறது. ஆனால் வினாத்தாள் கேட்பது காரணத்தையன்று, பெட்டியின் பெயரை. வினாத்தாள் கேட்காததை வகுப்பறை விரைவில் மறந்துவிடும்.

நூலிலிருந்தே நீக்கப்பட்டவையும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பிறகு சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022இல் பாடநூல்கள் ‘நெறிப்படுத்தப்பட்டன’. பத்தாம் வகுப்பின் மெய்யெண்கள் பாடத்திலிருந்து இரு பகுதிகள் அப்போது அகற்றப்பட்டன. ஒன்று, யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம். மற்றொன்று, ஒரு பின்னத்தின் தசமம் எப்போது முடிவுறும், எப்போது சுழலும் என்பதை அதன் பகுதியின் பகாக் காரணிகளைக் கொண்டு விளக்கும் பகுதி. சுருங்கிய வடிவில் பகுதியிலுள்ள எண்ணுக்கு 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் தசமம் முடிவுறும், இருந்தால் சுழலும். வகைப்பாட்டுக்குக் காரணம் கூறிய இடம் இதுவே. காரணம் சுமையென்று இறக்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் சுமையில்லை என்று தங்கிவிட்டது. சுமை என்ற சொல்லுக்கு இதைவிட விபரீதமான விளக்கம் இருக்க முடியாது. பிள்ளையின் முதுகில் கனப்பது காரணமற்ற மனப்பாடமே. காரணம் தெரிந்த இடத்தில் மனப்பாடத்துக்குத் தேவை குறைகிறது.

இனி √2. பத்தாம் வகுப்பில் ‘√2 விகிதமுறா எண் என நிறுவுக’ என்ற வினாவுக்கு மாணவர்கள் எழுதும் விடை நாடெங்கும் ஏறத்தாழ ஒரே சொற்களில் அமைந்திருக்கும். ‘√2 விகிதமுறு எண் எனக் கொள்வோம்’ என்று தொடங்கி, ‘இது முரண்பாடு’ என்று முடியும். முரண்பாடு எங்கே தோன்றியது என்று கேட்டால் பலர் கடைசி வரியைக் காட்டுவர். இதே நிறுவலை √4க்கு எழுதச் சொல்லிப் பார்க்கலாம். √4 என்பது 2, விகிதமுறு எண். அப்படியானால் நிறுவல் எங்கோ ஓரிடத்தில் உடைந்தாக வேண்டும். எந்த வரியில்? மனப்பாடமாக எழுதுபவர் எவ்வித உறுத்தலும் இன்றி √4ஐயும் விகிதமுறா எண்ணாக்கிவிடுவார். நிறுவலைப் புரிந்துகொண்டாரா என்று அறிய இந்த ஒரு வினா போதும். ஆனால் அது தேர்வில் வருவதேயில்லை.

பதின்மூன்று வயதில் நிறுவல் விளங்காது என்பது வழக்கமான மறுப்பு. அதனை நேரடியாகச் சோதித்துவிடலாம். பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த எட்டாம் வகுப்பு நூலில் விகிதமுறு எண்கள் ஒரு பாடம், வர்க்கமும் வர்க்கமூலமும் மற்றொரு பாடம். பின்னதில் பகாக் காரணிகளைச் சோடி சேர்த்து வர்க்கமூலம் காணும் முறை கற்பிக்கப்பட்டது. 36 என்பது 2×2×3×3. எல்லாக் காரணிகளும் சோடி சேர்ந்ததால் அது முழு வர்க்கம். இதைக் கற்ற பிள்ளையின் கையில் நிறுவலுக்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. √2 என்பது அ/ஆ என்ற பின்னத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் வர்க்கப்படுத்தி மாற்றி எழுதினால் அ×அ = 2×ஆ×ஆ. இடப்புறம் ஒரு முழு எண்ணின் வர்க்கம். அதில் 2 என்னும் காரணி இரட்டைப்படை முறையே வரும், ஒருமுறையும் வராமலும் இருக்கலாம். வலப்புறம் ஆவின் வர்க்கத்திலும் இரட்டைப்படை முறையே வரும். அதனுடன் முன்னே நிற்கும் ஒரு 2 சேர்வதால் மொத்தம் ஒற்றைப்படை. ஒரே எண்ணில் 2 இரட்டைப்படை முறையும் ஒற்றைப்படை முறையும் வர இயலுமா? இயலாது. ஆகவே அத்தகைய பின்னம் எதுவும் இல்லை. நிறுவல் முடிந்தது.

இதே நிறுவல் √3, √5 ஆகியவற்றுக்கும் அப்படியே பொருந்தும். √4இல் முன்னே நிற்பது 2×2. இரண்டு சேர்ந்தால் இரட்டைப்படை இரட்டைப்படையாகவே இருக்கும், முரண் தோன்றாது. உடைப்பு எங்கே என்பதும் அதே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பகாக் காரணிப்படுத்தல் ஒரே விதமாகத்தான் அமையும் என்பது எட்டாம் வகுப்பில் நிறுவப்படவில்லையே என்று நுட்பமாக வினவுவோர் உண்டு. பத்தாம் வகுப்பு நூலும் எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தை எடுத்துக்காட்டுகளால் விளக்கி ஏற்றுக்கொள்கிறதேயன்றி நிறுவுவதில்லை. அங்கே பொறுத்துக்கொள்ளப்படும் இடைவெளி இங்கே மட்டும் குற்றமாகாது.

நிறுவலுக்கு முன் பிள்ளைகள் தேடிக் களைக்க வேண்டும். தேடாதவருக்கு ‘இல்லை’ என்ற முடிவில் வியப்பு ஏது? இரண்டு அலகு பக்கமுள்ள சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தால், நான்கு சதுர அலகு பாதியாகி இரண்டு சதுர அலகுள்ள சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் கையால் தொடக்கூடிய நீளம். அந்த நீளத்தைப் பின்னமாகச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் முயல்வார்கள். 7/5: 49க்கு 50 வேண்டும். 17/12: 289க்கு 288 வேண்டும். 41/29: 1681க்கு 1682. 99/70: 9801க்கு 9800. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது. இன்னும் பெரிய எண்கள் கிடைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வளரும். அந்த நம்பிக்கை உச்சத்தில் இருக்கும்போது நிறுவல் வரவேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டாம், திறன் பலகை வேண்டாம். ஒரு தாளும் இரண்டு பாடவேளைகளும் போதும்.

பாடவேளை ஏது என்பார்கள். பகுதியிலுள்ள மூலத்தை நீக்கும் பயிற்சிக்கு இருக்கும் வேளை இதற்கு இல்லாமற்போகாது. 1/√2 என்று எழுதினால் தவறு போலவும் √2/2 என்று எழுதினால்தான் நாகரிகம் போலவும் பிள்ளைகள் நடத்தப்படுகிறார்கள். கணிப்பான் இல்லாத காலத்தில் 1ஐ 1.41421ஆல் வகுப்பதைவிட 1.41421ஐ 2ஆல் வகுப்பது எளிதாக இருந்தது. அந்த வசதிக்காக வளர்ந்த பழக்கம் இது. இயற்கணிதத்தில் இன்றும் அதற்குச் சில பயன்கள் உண்டு. ஆனால் காரணம் சொல்லாமல் பக்கம் பக்கமாகச் செய்யவைக்கும்போது அது சடங்காகிவிடுகிறது.

இங்கே பண்டைப் பெருமை பேசுவோருக்கும் ஒரு சொல். சுல்ப சூத்திர ஆசிரியரான பௌதாயனர் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தந்த அளவு: ஒன்று, அதனுடன் மூன்றில் ஒன்று, அதனுடன் அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்று, அதிலிருந்து அதன் முப்பத்து நான்கில் ஒன்று குறைய. கூட்டினால் 577/408. ஐந்து தசம இலக்கம் வரை √2உடன் ஒத்துப்போகும் அற்புதமான அளவு. 577இன் வர்க்கம் 332929. 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. இங்கும் ஒன்றே ஒன்று மிகுகிறது. ஆரியபடர் 499இல் வட்டத்தின் சுற்றளவைத் தரும்போது, 20000 விட்டத்துக்கு 62832 என்று சொல்லி, ‘ஆசன்ன’ என்ற சொல்லையும் சேர்த்தார். ‘நெருங்கிய’ அளவு என்று பொருள். கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அதற்கு உரை எழுதுகையில், நெருங்கிய அளவை ஏன் சொல்ல வேண்டும் என்று தாமே வினவி, விட்டத்தை மீதியின்றி அளக்கும் அலகு சுற்றளவை அளக்கும்போது மீதி வைக்கும் என்றும், இரண்டையும் ஒரே அலகால் மீதியின்றி அளக்க இயலாது என்றும் விளக்கினார். அதற்கான நிறுவலை ஐரோப்பாவில் லாம்பெர்ட் 1760களில் தந்தார். பெருமைக்குரியவர்களின் பெயர்களை மேடைகளில் முழங்குவோர், ஆரியபடர் மறவாமல் சேர்த்த அந்த ஒரு சொல்லை வினாத்தாளில் சேர்க்க மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

‘பை = 22/7 எனக் கொள்க’ என்று வினாத்தாள் அச்சிடுகிறது. பாடநூல் ஓரிடத்தில் ‘தோராயமாக’ என்று சொல்லியிருக்கும். பயிற்சிக்கு வந்ததும் அச்சொல் உதிர்ந்துவிடும். ஆரம் 7 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பு 154 ச.செ.மீ. என்று எழுதினால் முழு மதிப்பெண். உண்மையில் அது ஏறத்தாழ 153.94. வேறுபாடு சிறிது, அதனால் எந்தக் கட்டடமும் இடியாது. ஆனால் 154 என்பது துல்லியமான விடை என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் நின்றுவிடுகிறது. பிறகு ‘சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் பை, அப்படியானால் அது விகிதம்தானே, எப்படி விகிதமுறா எண் ஆயிற்று?’ என்ற நியாயமான குழப்பம் எழுகிறது. ஒன்பதாம் வகுப்பு நூல் இக்கேள்வியைப் பயிற்சியில் கேட்டு, விடைப்பகுதியில் இரண்டு மூன்று வரிகளில் தீர்த்துவைக்கிறது. அளவுகோல் தருவது தோராயமே, சுற்றளவும் விட்டமும் ஒருசேர விகிதமுறு எண்களாக இருக்க இயலாது என்ற அந்த விடையே பாடத்தின் நடுவே விரிவாக நிற்க வேண்டியது. அது பின்னிணைப்பிற்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

ஆசிரியர்கள்மீது பழிபோடுவது எளிது; நியாயமன்று. ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், குறித்த தேதிக்குள் முடிக்க வேண்டிய பாடத்திட்டத்துடன், காரணத்தைக் கேட்காத வினாத்தாளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர் அந்த அமைப்பின் கைதியே. குழந்தையின் சிந்தனையைக் கணித வழிப்பட்டதாக வளர்ப்பதே பள்ளிக் கணிதத்தின் உயர்ந்த நோக்கம் என்று, 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தையொட்டி ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு தெளிவாக எழுதிவைத்தது. அதன் பின் இரு கொள்கை ஆவணங்கள் வந்துவிட்டன. 2024 முதல் புதிய நூல்களும் படிப்படியாக வருகின்றன. நூல் எத்தனை முறை மாறினாலும் வினாத்தாள் பழையதாகவே இருந்தால் வகுப்பறை பழையதாகவே இருக்கும்.

இதில் மிகுதியாக இழப்பவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் கணிதம் அறிந்த பெற்றோர் உள்ள பிள்ளை, சமக்குறியின் முரணை வீட்டிலேனும் கேட்டுத் தெளிந்துகொள்ளும். தன் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அது முடிவு கட்டுகிறது. உண்மையில் அது முரணைச் சரியாகவே உணர்ந்திருக்கிறது; பதில் சொல்ல ஆளில்லை, அவ்வளவே. சரியாகச் சிந்தித்ததற்காகத் தன்னை மந்தம் என்று நம்பவைக்கப்படும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தத் தேர்வு முடிவும் சொல்லாது.

வேண்டுவன பெரிய செலவுள்ளவை அல்ல. வினாத்தாள்களில் பைக்கும் 22/7க்கும் இடையே சமக்குறிக்குப் பதிலாகத் தோராயக் குறி (≈) வரட்டும். தசமப் பாடத்தில் மீதிகளை எழுதிப் பார்க்கும் பயிற்சி கட்டாயமாகட்டும். √2இன் நிறுவல் வர்க்கமூலப் பாடத்தை அடுத்து எட்டாம் வகுப்பிலேயே இடம்பெறட்டும். 2022இல் நீக்கிய பகுதிகள் திரும்பட்டும். ‘விகிதமுறா எண் எது’ என்ற வினா காரணம் கேட்காமல் இனி அச்சேறாமல் இருக்கட்டும்.

அதன் இடத்தில் வேறு வினா கேட்கலாம்: “கணிப்பானில் 1/17 என்பது 0.0588235 என்றும், √2 என்பது 1.4142135 என்றும் தெரிகின்றன. இரண்டிலும் சுழற்சி தெரியவில்லை. ஒன்று நிச்சயம் சுழலும், மற்றது ஒருபோதும் சுழலாது என்பதை எப்படி அறிவாய்?” மதிப்பெண் ஐந்து. இதற்கு விடை எழுதும் பிள்ளை எந்த நான்கு விருப்பங்களையும் எதிர்பார்த்து நிற்காது.